தீர்த்தம் கொடுத்த கம்ப்யூட்டர்

போன வாரம் என் கம்ப்யூட்டருக்கு மாவிலை கட்டினார்கள்.

இதிலென்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ஆயுத பூஜைக்கு சைக்கிள், கிரைண்டர், அரிவாள்மணை, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் வரைக்கும் பொட்டு வைக்கிற நாடு இது. கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? சரிதான். ஆனால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து தெருவே வரிசையில் நின்று தீர்த்தம் வாங்கிக் குடித்ததுண்டா? என் வீட்டில் குடித்தார்கள். உள்ளங்கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, மீதியைத் தலையில் தடவிக்கொண்டு போனார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். மாலதி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

என் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டேனே தவிர, அது உண்மையில் என் மனைவி மாலதியுடையது. அவள் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிறாள். ஊரிலிருக்கும் ஸ்டுடியோக்காரர்கள் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மணமக்களை ரோஜாப்பூவுக்குள் உட்காரவைப்பது, மாமனாரை இதயத்துக்குள்ளிருந்து வெளியே கொண்டுவருவது, பந்தியில் வாயைப் பிளந்திருப்பவர்களை நாகரிகமாக வெட்டிவிடுவது... எல்லாம் அவள் கைவேலை. மத்தியானம் அவள் கண்ணயரும் நேரத்தில் நான் அதில் இந்தப் பத்தியை டைப் அடிக்கிறேன். அந்த உரிமையில்தான் ‘என்’ கம்ப்யூட்டர்.

வீடியோவைக் கோர்த்து முடித்த பிறகு கம்ப்யூட்டர் அதையெல்லாம் ஒரே படமாகச் சமைத்துக் கொடுக்க வேண்டும். ரெண்டரிங் என்பார்கள். மணிக்கணக்கில் ஓடும். ஓட ஓட உள்ளேயிருக்கும் பிராசஸர் தோசைக்கல் மாதிரி காயும். சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். அணைந்தால்? மறுபடியும் கணபதி பூஜையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திருவண்ணாமலை வெயிலை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இந்த மலையே நெருப்பு என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. எனக்கு அந்த மாதிரி நம்பிக்கைகள் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை. சித்திரை மாதம் மத்தியானத்தில் அந்த ஜன்னலருகே பத்து நிமிஷம் நின்றால் எனக்கே பக்தி வந்துவிடும்.

இந்தக் கோடையில் கம்ப்யூட்டர் அடிக்கடி அணைய ஆரம்பித்தது. மாலதி என்ன செய்தாள்? கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். டேபிள் ஃபேனை அதைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அவ்வளவுதான். அதன்பின் ஒரு தடவைகூட அணையவில்லை. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த யோசனை என்னுடையது இல்லையே!

தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கைராசி தெரியும். மிக்ஸியைச் சரிசெய்யப் போய் எதிர் வீட்டு ஃபியூஸையும் சேர்த்துப் போக்கியவன் நான். ஒரு சாமான் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. மேலும் டேபிள் ஃபேன் என்பது ஒரு தீர்வா? அதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது?

ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர். வெளிநாட்டுக்காரர்கள் வெள்ளை வேட்டியோடு வந்து உட்கார்ந்து ஊருக்கு மெயில் அனுப்புவார்கள். கடல் தாண்டி அவர்கள் மன அமைதியைத் தேடி வந்த இடத்தில் உட்கார்ந்து, நான் என் மன அமைதியைக் கெடுத்துக்கொள்ள வழி தேடினேன். கிடைத்தது. ஏதோ ஒரு குளிர்நாட்டில் ஒரு இளைஞன் தன் கம்ப்யூட்டருக்குள் தண்ணீரை ஓடவிட்டிருந்தான்.

வித்தை ரொம்ப எளிது. பிராசஸரின் தலையில் உள்ளே பொந்து வைத்த ஒரு செம்புக் கட்டி. அதற்குள் ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் போகும். சூட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு குழாய் வழியாக வெளியே வரும். வளைவு வளைவான ஒரு பைப்பில் சுற்றி ஆறும். பிறகு ஒரு பாத்திரத்துக்கு வந்து, அங்கேயிருந்து மோட்டார் தள்ள மறுபடியும் உள்ளே போகும். கார் இன்ஜினுக்குச் செய்வதுதான். பனி பெய்கிற ஊரில் இருப்பவனுக்கே இது தேவைப்படுகிறதென்றால் மலையடிவாரத்தில் இருக்கிற எனக்கு?

நேரே ஃபிரிட்ஜ் மெக்கானிக் பஷீர் பாயிடம் போனேன். படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? கம்ப்யூட்டர் மேல தண்ணி பட்டா இன்னா ஆவும்?”

“போயிடும் பாய்.”

“அது உள்ளாறயே தண்ணி உடப் போறீங்க?”

“ஆமாம்.”

படத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். “செரி, செஞ்சிடலாம். காப்பர் பைப் நம்மகிட்டயே இருக்குது. லீக் ஆச்சின்னா மட்டும் வூட்ல என் பேர சொல்லாதீங்க.”

செம்புக் கட்டியும் வளைவு பைப்பும் தயார். அடுத்து கேபினெட்டில் ஓட்டை போட வேண்டும். மேல் தகட்டில் குழாய்களுக்கு இரண்டு. பக்கவாட்டுத் தகட்டில் வளைவு பைப்புக்குக் காற்று வர ஒன்று, பெரிதாக. நானே ரம்பத்தை எடுத்து ஆரம்பித்தேன். தகடு அறுபடுவதற்கு முன்னால் விரல் அறுபட்டது. கட்டுப் போட்ட விரலோடு, அடி அண்ணாமலையில் ஜன்னல் கிரில் பட்டறை வைத்திருக்கும் ஏழுமலையிடம் கேபினெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

“தாமரையா, மயிலா?” என்றார் ஏழுமலை.

“எதுவும் வேணாங்க. வெறும் ஓட்டை போதும்.”

“வெறும் ஓட்டையா உட்டா எலி பூந்துடும் சார். பாக்கவும் ஒரு மாதிரியா கீது. தாமரை வெச்சித் தரேன், அம்சமா இருக்கும்.”

மறுக்க மறுக்க வைத்துவிட்டார். உண்மையிலேயே அம்சமாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை. தகரப் பெட்டி, மேலே ஓட்டை, பக்கவாட்டில் தாமரை... சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் வரும்போது, எதிரே நடந்து வந்த ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். “எந்தக் கோயில் உண்டியல்ங்க?” என்றார். பதில் சொல்வதற்குள் மடியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். மிதித்துக்கொண்டு தப்பித்தேன்.

கடைசியாக வேண்டியது தண்ணீருக்கு ஒரு பாத்திரம். பிளாஸ்டிக் டப்பா வைத்துப் பார்த்தேன். ஒரு கௌரவமே இல்லை. பூஜை அலமாரியில் அம்மாவின் செம்பு கண்ணில் பட்டது. கலசம் வைக்கிற செம்பு. நல்ல அகலமான வாய். மீன் தொட்டி மோட்டார் அளவெடுத்த மாதிரி உள்ளே உட்கார்ந்தது. எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பாள், விளக்க வேண்டியிருக்கும். டியூப்கள் நழுவாமலிருக்க, செம்பைச் சுற்றி வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். செம்பை கேபினெட்டின் உச்சியில் வைத்து, பேட்டரிக் கடையில் வாங்கிய சுத்தத் தண்ணீரை ஊற்றினேன்.

இந்த வேலையையெல்லாம் மாலதி போளூரில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்துத்தான் செய்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

திரும்பி வந்தவள் பார்த்தாள். தாமரையைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள். பிராசஸர் தலையிலிருந்து நான் கழற்றிப் போட்டிருந்த பழைய குட்டி ஃபேனைத் தரையிலிருந்து கையிலெடுத்தாள். பிராசஸர் மேல் அதை அழுத்திப் பிடிக்கிற கிளிப் இரண்டாக உடைந்திருந்தது. கழற்றும்போது உடைந்துவிட்டது... அதாவது, உடைத்துவிட்டேன்.

“ஏங்க, ஜெயந்தி டிவிடி இருக்குது. ஞாபகம் இருக்குதா?”

இருந்தது. அதனால்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயந்தி கீழ்பென்னாத்தூர் பெண். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. லீவு முடிந்து ஆயுத பூஜை அன்று சாயங்காலம் கிளம்புகிறார். போனால் இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவார். போகும்போது கல்யாண டிவிடியைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று அந்தப் பெண் மாலதியிடம் வந்து கேட்டிருந்தாள். கேட்டபோது நானும் இருந்தேன். “கல்யாணத்தன்னிக்கி வெக்கத்துல அவர நிமிந்துகூட பாக்கலக்கா. வீடியோவுலதான் நானே பாக்கணும்” என்றாள். இரண்டு காப்பி. ஒன்று அவருக்கு, ஒன்று இவளுக்கு. வாக்குக் கொடுத்தது மாலதி. அந்த வாக்கின் தலையில் தண்ணீர் ஊற்றியது நான்.

“இது இல்லாம டேபிள் ஃபேன் மட்டும் போதாது. கடையில வேற ஃபேன் வாங்கியாங்க” என்றாள்.

போனேன். கடைக்காரர் பூஜைக்கு அலமாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மாடல் ஃபேன் சென்னையிலிருந்து வர வேண்டுமாம். “பண்டிகை முடிஞ்சி வாங்க சார்.”

“இது ஓடுமா?” என்றாள் மாலதி, செம்பைக் காட்டி.

“ஓடும்.”

“சத்தியமா?”

சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

ஓடவும் செய்தது, பாருங்கள். ஆயுத பூஜை அன்று விடிந்ததும் மாலதி ரெண்டரிங்கைப் போட்டாள். செம்புக்குள் மோட்டார் கொர்ர் என்றது. டியூபில் தண்ணீர் ஓடியது. திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் பச்சையாகவே நின்றது. ஒரு மணி நேரம் கைகட்டி நின்று ரசித்தேன். மாலதிகூட “பரவால்லியே” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் வாங்கியது அபூர்வம். ‘யாரும் தொடாதீர்கள்’ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மாலதி காலி டிவிடி வாங்கவும், நான் பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்கவும் பஜாருக்குப் போனோம்.

திரும்பி வந்தால் வாசல் நிறையச் செருப்பு.

பூசணிக்காயோடு உள்ளே ஓடினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் ஆகியிருந்தது.

தாமரைக்கு நாலு பக்கமும் சந்தனம், குங்குமம். மானிட்டருக்குச் சாமந்தி மாலை. உச்சியில் செம்பு, அதன் வாயில் மாவிலை, மாவிலை மேல் மஞ்சள் பூசிய தேங்காய். முன்னால் அம்மா கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு கோமதியம்மாவும் தெருப் பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நடுவில், டிவிடி வாங்க காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்ட ஜெயந்தி, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

“என் புள்ள தானே கலசம் ஸ்தாபிச்சிருக்கான்” என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். “நூல்கூட அவனே சுத்தினது.”

பூசணிக்காயைக் கீழே வைத்தேன். பூஜை அறை வாசலோடு நின்றுவிடுகிறவன் நான். விபூதியைக்கூட அம்மா கொடுத்தால் வாங்கி, அவள் திரும்பியதும் துடைத்துவிடுகிறவன். மகன் ஒரு வழியாகத் திருந்திவிட்டான் என்று அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! தேங்காயை எடுத்து, மோட்டாரைக் காட்டி, இது கலசம் இல்லை என்று தெருவே பார்க்கச் சொல்ல முடியுமா? எனக்கு மனசு வரவில்லை.

“ஏன்க்கா, ஆயுத பூஜ போட்டுட்டு மிஷின ஓட்டக்கூடாதே. இது ஓடிக்கினே இருக்குதே?” என்றார் கோமதியம்மா.

“கலசம் வெச்சிட்டா ஓடலாம்” என்றாள் அம்மா. அப்படி ஒரு விதியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அடுத்து அவள் உத்தரணியை எடுத்தாள். தேங்காயைக் கொஞ்சம் நகர்த்தி, செம்பிலிருந்து தண்ணீரை மொண்டாள். தீர்த்தம்! முதல் கை என்னை நோக்கியே நீண்டது. நான் அவள் காதருகே குனிந்தேன்.

“அம்மா, அது பேட்டரித் தண்ணிம்மா.”

அம்மா உதடு அசையாமல் சொன்னாள். “தெரியும். அத மொண்டு ஊத்திட்டு நல்ல தண்ணி மாத்திட்டேன். வாய மூடிக்கிட்டுக் குடி.”

வாயைத் திறந்து குடித்தேன். மஞ்சளும் ஏலக்காயும் மணந்தது. அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க நேரமில்லை. ஏனென்றால் மோட்டாரின் சத்தம் கொர்ர் என்பதிலிருந்து கிர்ர் என்று மாறியிருந்தது.

அர்ச்சனை செய்த சாமந்தி இதழ்கள் செம்புக்குள் விழுந்து மோட்டாரின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. அது போதாதென்று, ஒவ்வொருவருக்கும் தீர்த்தம் கொடுக்கக் கொடுக்க உள்ளே தண்ணீர் கம்மியாகிக்கொண்டே வந்தது. டியூபில் காற்றுக் குமிழி ஓட ஆரம்பித்தது. திரை மூலையில் எண் மஞ்சளுக்கு மாறியது. சிவப்புக்குப் போனால் அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து போட்டால் சாயங்காலத்துக்குள் முடியாது. ஜெயந்தி புருஷன் வெறும் கையோடு விமானம் ஏறுவார்.

அந்த நேரம் பார்த்து டிவிடி வாங்கிக்கொண்டு மாலதி வந்தாள். வாசலில் நின்று ஒரு நோட்டம் விட்டாள். செம்பு, தேங்காய், மாமியார், திரை, என் முகம். என் முகத்திலேயே அவளுக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும்.

“அத்தை, நீங்க உக்காருங்க. தீர்த்தம் நான் குடுக்கறேன்” என்று உத்தரணியை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு முறை மொள்ளும்போதும் இரண்டு விரலால் மோட்டார் வாயிலிருந்து இதழ்களைக் கிள்ளி எடுத்தாள். எடுத்த இதழை அடுத்தவர் கையில் பிரசாதமாக வைத்தாள். என்ன ஒரு சாமர்த்தியம்!

“ஏங்க, பானையிலேர்ந்து தண்ணி கொண்டாந்து ஊத்துங்க. தீர்த்தம் கொறையக்கூடாது.”

மண்பானையிலிருந்து ஜில்லென்ற தண்ணீரை மொண்டு வந்து செம்பில் ஊற்றினேன். ஊற்றிவிட்டுத் திரையைப் பார்த்தேன். எண் இறங்கியது. இன்னும் நாலு பேர் தீர்த்தம் வாங்கினார்கள். சூடேறிய தண்ணீர் வெளியே போனது. நான் மறுபடி ஊற்றினேன். இன்னும் இறங்கியது. மஞ்சள் பச்சையானது. காலையில் என் விஞ்ஞானத்தால் மட்டும் ஓடியபோது இருந்ததைவிடக் கம்மி!

மாலதியும் அதைப் பார்த்துவிட்டாள். குடிக்கக் குடிக்கத்தான் குளிர்கிறது. இப்போது கூட்டம் கலைந்தால் சூடான தண்ணீர் செம்பிலேயே தங்கிவிடும்; அம்மா முன்னால் தீர்த்தத்தை மொண்டு கீழே கொட்டவும் முடியாது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“போயி ஆளுங்கள கூட்டிக்கிட்டு வாங்க.”

வாசகர்களே, கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பும்போது மொட்டை மாடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறவன் நான். அப்படிப்பட்டவன் தெருமுனைக்குப் போய், “வாங்க, எங்க வீட்டுல கலசம் வெச்சிருக்குது, தீர்த்தம் வாங்கிக்கங்க” என்று கூவினேன். டெய்லர் வந்தார். இஸ்திரிக்காரர் வந்தார். மாலை போட்ட ஆட்டோக்களை நிறுத்திவிட்டு ஆட்டோ ஸ்டாண்டே வந்தது. ஒரு கை தீர்த்தம், ஒரு கை பொரி. நான் பானைக்கும் செம்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். எண்ணைப் பார்ப்பதற்காக ஒவ்வொரு தடவையும் நான் திரையை நோக்கிக் குனிய, பின்னால் நின்ற ஆட்டோக்காரர்களும் பயபக்தியோடு குனிந்தார்கள்.

ஜெயந்தி மாலதி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கூட்டம் கொஞ்சம் குறைகிற போதெல்லாம் கையை நீட்டினாள்.

“அக்கா, இன்னொரு வாட்டி குடிக்கட்டுமா? வயித்துல இன்னும் எடம் இருக்குது.”

மத்தியானம் சாய்ந்தபோது ரெண்டரிங் முடிந்தது. மாலதி இரண்டு டிவிடி எழுதினாள். சரியாக வந்திருக்கிறதா என்று ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். தாலி கட்டுகிற இடம். மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவரு அழுவறாருக்கா” என்றாள் ஜெயந்தி. இரண்டு டிவிடியையும் மார்போடு பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். நானும் மாலதியும் வாசலில் நின்று அவள் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணிடம் ‘இல்லை’ என்று சொல்ல நேர்ந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்கமாட்டேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா பொரியும் கடலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அருகில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, அது மோட்டார்னு உனக்கு மொதல்லியே தெரியுமா?”

“பேட்டரித் தண்ணி கேன் பக்கத்துலயே கெடந்துது. சொம்புக்குள்ளாற கொர்ருனு கத்துது. எந்த சாமிடா கொர்ருனு கத்தும்?”

“அப்புறம் ஏன் நான் கலசம் வெச்சேன்னு எல்லார்கிட்டயும் சொன்ன?”

அம்மா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். “காலையில கோமதி பூ குடுக்க வந்தா. உன் பொட்டியப் பாத்துட்டு சிரிச்சா. ‘இன்னாக்கா இது, சொம்பப் புடிச்சி டியூப்பால கட்டி வெச்சிருக்காரு, தம்பிக்கு உடம்பு கிடம்பு செரியில்லியா’ன்னு கேட்டா. மிக்ஸியில ஃபியூஸ் போனதுலேர்ந்து இந்தத் தெரு உன்ன ஒரு மாதிரியாத்தான் பாக்குது. என் வாயில சட்டுனு கலசம்னு வந்துடுச்சி. சொன்னப்புறம் மாவிலை, தேங்காய் வெக்காம உட முடியுமா? வொயரு வேற வெளிய தெரிஞ்சிது. தேங்கா வெச்சி மறைச்சேன்.”

நான் ஒரு கைப் பொரியை எடுத்துக்கொண்டேன்.

“பூ உள்ள உழுந்தா மோட்டாருக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியாது. அது என் தப்புதான்” என்றாள். “ஆனா சொம்பு வேணும்னா ஒரு வார்த்த கேக்கக் கூடாதாடா? குடுக்கமாட்டேன்னா சொல்லிடுவேன்?”

அம்மாவின் நம்பிக்கை புண்படக்கூடாது என்று நான் அன்றைக்கு முழுக்க வேர்த்து விறுவிறுத்துத் தண்ணீர் சுமந்தேன். அவளோ என் மானம் போகக்கூடாது என்று சாமியையே துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். சாமியை வைத்துப் பொய் சொல்வது அவளுக்கு லேசான காரியம் இல்லை. எனக்காகச் சொல்லியிருக்கிறாள். இதில் யார் யாரைக் காப்பாற்றியது? பொரி தின்றுகொண்டிருந்த மாலதி அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறி, தலையில் தட்டும்வரை நிறுத்தவில்லை.

இப்போது சென்னையிலிருந்து புது ஃபேன் வந்துவிட்டது. மாலதி மாட்டிவிட்டாள். டேபிள் ஃபேனும் தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மோட்டார் பெட்டிக்குள் தூங்குகிறது. செம்பைப் புளி போட்டுத் தேய்த்து அம்மாவின் அலமாரியில் நானே வைத்தேன். தாமரையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். நேற்று கோமதியம்மா வாசலில் வந்து நின்றார். தயங்கித் தயங்கிப் பேசினார். “தம்பி, எங்க வூட்டு கம்ப்யூட்டரும் சூடாயி சூடாயி நின்னுடுது. பையனுக்குப் பரீட்சை வேற வருது. உங்க கையால ஒரு கலசம் வெச்சிக் குடுங்களேன்.”

உள்ளே வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்காகச் சொன்ன பொய். அதை அவள் தனியாகவே சுமக்கட்டும் என்று விட்டுவிட முடியுமா?

நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று கோமதியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் செம்பை இந்தத் தடவை அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.